ஓர வரிசை

மூன்று வருஷமாக டாக்டர் ரேணுகாதேவியின் முகம் தெரியாத வீடு அந்த வட்டாரத்தில் இல்லை. சினிமாவில் நடித்தோ தேர்தலில் நின்றோ வந்த புகழ் அல்ல. புல் விதைப் பையில் அச்சாகி வந்த புகழ். ஐந்து கிலோ பச்சைப் பை. மேலே ‘பதினேழு’ என்று கொட்டை எழுத்து, அதன் கீழே மூக்குக் கண்ணாடியோடு சிரிக்கும் ரேணுகாதேவி. பை காலியானதும் ஜனங்கள் அதைத் தூக்கிப் போடுவதில்லை. கோழித்தீவனம் கட்டி வைக்க, வண்டி சீட்டுக்கு உறை போட, மோட்டார் மேல் மழைக்குப் போர்த்த (மழை வந்தால்தானே!) என்று அந்தச் சிரிப்பு எங்கெங்கோ உட்கார்ந்திருந்தது. ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. அப்படிப் பிடித்துப்போனதை அவள் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

புகழுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏழு வருஷமாகப் பருவமழை பேருக்குத் தூறிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேய்ச்சல் காடெல்லாம் காய்ந்து, மாடு வைத்திருந்தவர்கள் மாட்டை விற்றுவிட்டு மில் வேலைக்கு வேனில் ஏறிக்கொண்டிருந்த காலம். வறள்நிலப் புல் ஆய்வு மையத்தில் ரேணுகாதேவி இருபது வகைப் புல்லைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, எது அதிகம் விளைகிறது, எது வறட்சி தாங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வகை ஒவ்வொன்றாக மஞ்சளித்தது. பதினேழாம் நம்பர் மட்டும் ஆள் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த புல் அது. வேரோடு ஒரு பூஞ்சையையும் சேர்த்து வளர்த்திருந்தார்கள். ஆழத்துத் தண்ணீரை அந்தப் பூஞ்சை வேருக்கு எடுத்துக் கொடுக்கும் என்பது கணக்கு.

இப்போது அடுத்த கட்டம். வருகிற மாதம் நான்கு மாவட்டத்து மேய்ச்சல் நிலம் முழுவதும் டிரோனில் பதினேழைத் தூவப் போகிறார்கள். அதற்கு அவளுடைய இறுதி அறிக்கை ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை இயக்குநரிடம் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை இம்மானுவேல் ஒரு படத்தை அவள் மேசையில் விரித்தான். மண் ஆய்வுக்காரன். தேவையில்லாமல் யார் அறைக்கும் போகாதவன்.

“மேடம், இது நம்ம சோதனைத் திடல். மண்ணுக்குள்ள இருக்கற ஈரத்தைப் படம் எடுத்தேன். நீலம் ஈரம், சிவப்பு காஞ்சது.”

“பதினேழுக்குக் கீழ நீலமா இருக்கு. இதுல என்ன அதிசயம்? ஆழத்துல இருந்து தண்ணி எடுக்குது. அதுக்குத்தானே பூஞ்சையைச் சேர்த்தோம்?”

“ஆழத்துல தண்ணியே இல்லை மேடம். முப்பது அடிக்குத் துளை போட்டுப் பாத்துட்டேன், மாவு மாதிரி கொட்டுது.” அவன் விரலைப் படத்தில் குறுக்காக ஓட்டினான். “பூஞ்சை கீழ போகலை. பக்கவாட்டுல போகுது. பக்கத்துப் பாத்திப் புல்லோட வேரைத் தேடிப் போய் ஒட்டிக்குது. அந்தப் புல்லு பாவம், பனியில கிடைக்கிற கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்து வைக்கும். விடியறதுக்குள்ள அவ்வளவும் இங்க வந்துடுது.”

“அப்போ மத்த பத்தொன்பதும்...”

“காயும். நாம வறட்சி தாங்கலைன்னு எழுதுவோம். எழுதினோம்.” அவன் கொஞ்சம் தயங்கினான். “எங்க அம்மா சொல்லுவாங்க, ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையேன்னு. பதினேழு வறட்சியைத் தாங்கலை மேடம். பக்கத்து வீட்டுக்குத் தள்ளி விடுது.”

ரேணுகாதேவி அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“எவ்வளவு தூரம் இழுக்கும்?”

“இப்போ நாப்பத்திரண்டு அடி. முதல் வருஷம் பத்து அடி இருந்திருக்கும். பூஞ்சை வயசாக ஆக நீளுது.”

நாற்பத்திரண்டு அடி. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே அவள் விட்டிருந்த இடைவெளி இரண்டே அடி. மற்ற பத்தொன்பது பாத்தியும் அந்த எல்லைக்குள்தான் நின்று செத்திருக்கின்றன. இதை நினைத்தபோதே அவள் மனத்தின் இன்னொரு மூலை வேறொன்றை அளந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனைக்காரர் போன வருஷம் மாட்டுக்காகப் பதினேழு போட்டிருந்தார். அங்கிருந்து அவள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் எத்தனை அடி இருக்கும்? ஒரு கணம்தான். இம்மானுவேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்டினான்.

அவன் போன பிறகுதான் திடலில் புல் அறுத்த மாரக்காளின் நினைவு வந்தது. வந்ததா, இல்லை இத்தனை நாள் வாசலிலேயே நின்றிருந்ததா என்று சொல்ல முடியாது.

புல்லை ஒப்பிடுவதில் ஒரு நடைமுறை உண்டு. பாத்தியின் நாலு ஓரத்திலும் உள்ள வரிசையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஓரத்துச் செடிக்கு வெயிலும் காற்றும் இடமும் தாராளம். அதை எடை போட்டால் விளைச்சல் பொய் சொல்லும். அதனால் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை அறுக்கும்போது ஓர வரிசையை முதலில் அறுத்து ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் தராசில் வைப்பார்கள். ஒதுக்கிய புல் யாருக்கு? அறுக்கும் பெண்களுக்கு. எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. மையம் தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். மாரக்காள் வீட்டில் எட்டு ஆடு இருந்தது. அறுப்பு நாளில் அவள் தலைச்சுமை கட்டிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் அவள் ரேணுகாதேவியின் அறை வாசலில் வந்து நின்றாள். “மேடம், ஓரத்துப் புல்லு கொறஞ்சுக்கிட்டே வருதுங்க. பதினேழை ஒட்டி இருக்கறது மொதல்ல சாவுது. பொறவு அதுக்கு அடுத்தது.”

“ஓர வரிசையை நாங்க கணக்குலயே எடுக்கறதில்லை மாரக்கா. அது உன் ஆட்டுக்குத்தான் கணக்கு,” என்று ரேணுகாதேவி சிரித்தாள். அறையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சில மாதம் கழித்து ஓரங்கள் மொட்டையாக இருப்பதை அவளே பார்த்தாள். பார்த்தவுடன் தோன்றியது பூஞ்சை அல்ல, ஆடு. அறுப்புக்கு முன்னாலேயே இவள் திருட்டுத்தனமாக ஓரத்தை அறுத்துப் போகிறாள் என்று முடிவு கட்டினாள். பதினாலு பேர் வரிசையாக நின்ற இடத்தில் வைத்துச் சொன்னாள்:

“ஆடு வச்சிருக்கவளைப் புல்லுக்குள்ள விட்டா இப்படித்தான்.”

மாரக்காள் அருவாளைக் கீழே வைத்தாள். இடுப்பில் சுற்றியிருந்த சுமைக்கயிற்றை அவிழ்த்து நீட்டினாள். “ஒவ்வொரு அறுப்புக்கும் சுமை எத்தன பெருசுன்னு முடிச்சு போட்டிருக்கறனுங்க. இதயாச்சும் பாருங்க மேடம்.”

ரேணுகாதேவி பார்க்கவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு உள்ளே போனாள். அந்த வருஷமே திடலின் கோடியில் நின்ற வேப்பமரம் காய்ந்தது. அமைச்சர் வருகையின்போது போட்டோவில் அசிங்கமாக விழும் என்று அதை வெட்டச் சொன்னதும் அவள்தான். வேம்பு காயுமா என்று ஒரு தரம் யோசித்தாள். யோசித்துவிட்டு வெட்டச் சொன்னாள். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. உண்மை மூன்று முறை வந்து கூப்பிட்டது, மூன்று முறையும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். 

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. வேலை போனபின் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த மாரக்காள் வீட்டில் இருப்பாள் என்று ரேணுகாதேவி விசாரித்துக்கொண்டு போனாள்.

ஊருக்கு வெளியே, தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் கொரங்காடுகள். உழாமல், விதைக்காமல், தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை ஒடித்துப் பாறையில் செருகினாலும் துளிர்க்கும் என்பார்கள். அந்தக் கிளுவை மாரக்காள் காட்டின் ஒரு பக்கம் முழுவதும் சாம்பல் பூத்துச் செத்து நின்றது. குச்சிகள் ஒடிந்து விழுந்து வேலியில் சந்து சந்தாக ஓட்டை. ஆடு நுழையாமல் இருக்க அந்தச் சந்துகளில் காலிப் பைகளைச் சுருட்டிச் செருகி இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ரேணுகாதேவிகள் முள்ளுக்கு நடுவே இருந்து சிரித்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பச்சை. இந்தப் பக்கம் வெறும் செம்மண்.

மாரக்காள் வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காய்களைச் சீவக்கட்டையால் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“வாங்க மேடம். மோர் குடுக்கலாம்னா எருமை இல்லீங்க. தண்ணி கொண்டாரட்டுங்களா?”

“வேண்டாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்.” ‘உங்ககிட்ட’ என்று வாயில் வந்ததை அவளே கவனித்தாள். பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவளை ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. “அன்னிக்கு நீங்க சொன்னது சரி. ஓரத்துப் புல்லை நீங்க அறுக்கலை. பதினேழுதான் தண்ணியை இழுத்துச் சாகடிச்சிருக்கு.”

“தெரியுமுங்க.”

“உங்களைப் போய்த் திருடின்னு சொல்லிட்டேன்.”

“திருடின்னு சொல்லலீங்க. ஆடு வச்சிருக்கவன்னு சொன்னீங்க.” மாரக்காள் சீவக்கட்டையை மரத்தில் சாய்த்து வைத்தாள். “திருடின்னு சொல்லியிருந்தா அன்னிக்கே சண்டை போட்டிருப்பனுங்க. ஆடு வெச்சிருக்கறது நெசந்தானுங்களே, என்ன சொல்லிச் சண்டை போடறது?”

 திட்டுவாள், அழுவாள், சாபம் விடுவாள் என்று ரேணுகாதேவி வழியெல்லாம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். இதற்குத் தயாராக இல்லை.

“ஆடெல்லாம்?”

“ரெண்டுதானுங்க நிக்குது. வேலக்காய் பொறுக்கிப் போட்டு வெச்சிருக்கறேன்.”

“இப்படி ஆகும்னு ஊர்ல சொல்லியிருக்கலாமே மாரக்கா. யாரும் உங்க பேச்சை நம்பலையா?”

மாரக்காள் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள்.

“நம்புனாங்க மேடம். நம்புனதாலதான் இந்தக் கெதி.”

“புரியலை.”

“நீங்க நிறுத்துன மறுநாளே சொன்னனுங்க. கோயில் கூட்டத்துல சொன்னேன், பால் சொசைட்டியில சொன்னேன், மில் வேன்ல சொன்னேன். அந்தப் புல்லு பக்கத்துக் காட்டுத் தண்ணிய உறிஞ்சுமுங்க, போட்றாதீங்கன்னு. இத்தன வருசத்துல எம் பேச்ச அத்தன பேரு காது குடுத்துக் கேட்டதில்லீங்க. அடுத்த வாரம் எங்க கொழுந்தனாரு ரெண்டு பை எடுத்துட்டு வந்தாரு.” வேலிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள். “எங்களுக்கும் அவுங்களுக்கும் வேலிச் சண்டை இருவது வருசமா. காட்டு நடுவுல வெதைக்கலீங்க. நேரா வந்து வேலியோரமா வெதைச்சாரு. அதப் பாத்து அவருக்கு அக்கட்டாலக் காட்டுக்காரரு, நமக்கு முந்தி இவன் போட்டுட்டானேன்னு அவரு வேலியோரமா வெதைச்சாரு. பத்து நாள்ல வெதை டிப்போவுல இருந்த வித்தெல்லாம் தீந்து போச்சுங்க.”

அந்தப் பத்து நாள் ரேணுகாதேவிக்கு நன்றாக நினைவிருந்தது. விதை தீர்ந்துவிட்டது என்று டிப்போவிலிருந்து போன் வந்த அன்று மையம் முழுவதற்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள். என் விளைச்சல் பட்டியல் விவசாயியின் மனசைத் தொட்டுவிட்டது என்று மேடை போட்டுப் பேசினாள். பட்டியலை ஒரு ஆள் பார்க்கவில்லை. அவள் தூக்கியெறிந்த ஓர வரிசையைத்தான் ஊரே பார்த்திருக்கிறது. மண்ணுக்குள் புகுந்துகொள்ளலாம் போல் இருந்தது, அந்த மண்ணும் காய்ந்து கிடந்தது.

“எல்லாரும் ஒரே கேள்விதானுங்க கேட்டாங்க,” என்றாள் மாரக்காள். “ஐயோ அப்பிடியான்னு ஒருத்தரும் கேக்கலை. எத்தன அடி இழுக்கும்னு கேட்டாங்க.”

ரேணுகாதேவிக்கு வியாழக்கிழமை தன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியும், கறிவேப்பிலை மரமும், இம்மானுவேல் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தன. படித்தவள், படிக்காதவன் என்ற வித்தியாசம் அந்த இடத்தில் இல்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தெரியாதுன்னுட்டனுங்க. தெரியுமுங்க. தெனமும் ஓரத்துல இருந்து எத்தன தூரம் காஞ்சிருக்குதுன்னு அடி வெச்சு அளந்தவ நானு. சொல்லியிருந்தா என்னாயிருக்கும்? அளந்து வெதைச்சிருப்பாங்க.”

“நீங்க ஏன் போடலை? போட்டிருந்தா உங்க காடாவது...”

“இக்கட்டால, இந்தப் பக்கம், குப்பாயக்கா காடுங்க. புருசன் இல்லாதவ.” மாரக்காள் கையை நீட்டிய பக்கத்தில் கிளுவை இன்னும் உயிரோடு, இலை சுருண்டு நின்றது. அதற்கு அப்பால் புல் மெலிந்து, ஆனால் சாகாமல் இருந்தது. “என்ன நெம்ப நல்லவன்னு நெனைச்சுக்காதீங்க. ரெண்டு தடவை வித்து வாங்க டிப்போ வரைக்கும் போனனுங்க. பையில உங்க மொகத்தப் பாத்தேன். திரும்பி வந்துட்டேன்.”

ரேணுகாதேவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அந்தக் கயிறு இருக்கா?”

“இப்பத்தான் கேக்கறீங்க.” குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. ஆட்டுப்பட்டிப் படலில் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு வந்து நீட்டினாள். ஏழு முடிச்சு. ஏழு அறுப்பு. சுமையைச் சுற்றிக் கட்டிய கயிறு எங்கே முட்டியதோ அங்கே ஒன்று. முதல் முடிச்சு கடைசி நுனியில். ஏழாவது முடிச்சு பாதிக்கும் கீழே. இத்தனை வருஷ ஆராய்ச்சியின் உண்மையான பட்டியல் ஆட்டுப் புழுக்கை வாசத்தோடு அவள் கையில் இருந்தது.

“திருப்பிக் குடுத்துருவீங்களா? படல் கட்ட வேற கவுறு இல்லீங்க.”

“கொண்டு வந்து குடுக்கறேன்,” என்றாள் ரேணுகாதேவி. “மாரக்கா, என்னை மன்னிச்சுடுங்க.”

மாரக்காள் சீவக்கட்டையை எடுத்துக்கொண்டு காயைக் கூட்ட ஆரம்பித்தாள்.

அன்று ராத்திரி முழுவதும் உட்கார்ந்து ரேணுகாதேவி அறிக்கையை மறுபடி எழுதினாள். முதல் வரி: ‘என் ஒப்பீடு தவறானது.’ இரண்டாம் பக்கத்தில் ஓர வரிசை விளைச்சல், ஏழு அறுப்புக்கும். பதிவு செய்தவர் மாரக்காள் என்று பெயர் போட்டாள். மூன்றாம் பக்கத்தில் பதினேழு எத்தனை தூரம் ஈரம் இழுக்கிறது என்று ஒரு கட்டம் போட்ட பட்டியல். அவள் பழக்கம் அப்படி, எதையும் விடக்கூடாது. தூரம் வருஷா வருஷம் கூடுவதற்கு மட்டும் இம்மானுவேலின் கணக்கு முடியவில்லை என்பதால், பிறகு சேர்க்கலாம் என்று விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை இயக்குநர் பாலதண்டாயுதம் அறிக்கையைப் படிக்கும்வரை அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் கயிறு. வேலை போகும், பையிலிருந்து முகம் போகும், பத்திரிகையில் கிழிப்பார்கள். எல்லாம் வரட்டும் என்றிருந்தது. தண்டனை கிடைத்தால் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம்.

“எல்லாப் பொறுப்பும் என்னுது சார். இம்மானுவேலுக்கு இதுல சம்பந்தம் இல்லை. விதைப்பை உடனே நிறுத்தணும், போட்டதையும் வேரோட எடுக்கணும்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததைப் பார்க்கிறவரின் முகமாக இருந்தது. சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தின் முன் போய் நின்றார். அவர் விரல் அந்த நான்கு மாவட்டத்தின் மேல் நிற்கவில்லை. மேற்கே நகர்ந்து மாநில எல்லைக் கோட்டின் மேல் நின்று, கோட்டோடு மெல்லக் கீழே இறங்கியது.

“அந்தப் பக்கத்துக்காரங்ககிட்ட முப்பது வருஷமாத் தண்ணி கேட்டுக் கடுதாசி எழுதறோம் மேடம்,” என்றார். “எத்தனை அடி இழுக்கும்னீங்க?”

ரேணுகாதேவி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவரே வந்து பக்கத்தைப் புரட்டினார். கட்டம் போட்டு, கோடு இழுத்து, யாருக்கும் சந்தேகம் வராதபடி அவளே எழுதி வைத்திருந்தாள்.

“நாப்பத்திரண்டு. பரவாயில்லை, ஆனா கம்மிதான். இது வருஷா வருஷம் கூடுமா?”

செத்த கிளுவை வேலியும் அதில் செருகிய தன் முகமும் அவள் கண்முன் வந்தன.

“தெரியாதுங்க,” என்றாள்.

“நீங்க வளர்த்த புல்லு. உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாதுங்க சார்.”

அலுவலகத்தில் அவள் வாய் திறந்து சொன்ன முதல் பொய். நாக்கு கூசவில்லை. மேசை மேல் இருந்த கயிற்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்; கொடுக்கும்போது என்ன நடந்தது என்று மாரக்காள் கேட்பாள். என்ன சொல்வது என்று நினைத்து நிமிர்ந்தபோது, இயக்குநர் மூன்றாம் பக்கத்தின் மூலையை மடித்து அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்.